சாம்பலின் ருசி

அன்புள்ள ருகையா,

உன் இருமல் நின்றதா? ரக்காவில் நான் சுகம்.

எகிப்திலிருந்து நம் சூர் பட்டறைகளுக்குக் கண்ணாடி உருக்க உவர் உப்பு வருவது நின்றுவிட்டது. இங்கே ஏதோ பாலைச்செடியை எரித்து, அந்தச் சாம்பலோடு மணலை உருக்கிக் கண்ணாடி செய்கிறார்கள். எந்தச் செடி என்று வெளியூர்க்காரனுக்குச் சொல்வதில்லை. ருசியில் பிடிபடுமா என்று நேற்று ஒரு துளி சாம்பலை நாக்கில் வைத்தேன். உலைக்காரர் ஹம்தூன் பார்த்துவிட்டார்.

"என்னப்பா சூர்க்காரா, உங்க ஊர்ல ரொட்டியே கெடைக்காதா?"

எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். அப்போதிலிருந்து ஒருவன் என் பின்னாலேயே வருகிறான். ஊருக்குப் போகிறேன் என்றால், "இப்ப என்ன அவசரம்?" என்கிறார் ஹம்தூன்.

கம்பளிக் காலுறையும் உப்பிட்ட ஒலிவக்காயும் அனுப்பு.

இங்கிருந்து யாராவது வந்து அன்பாக விசாரித்தால், எனக்குக் கண்ணாடி ஊத மட்டும்தான் தெரியும், உருக்கத் தெரியாது என்று சொல். அதை நம்பினால்தான் என்னை விடுவார்கள்.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் ஒட்டகக்காரர் அவசரப்படுத்துகிறார். நம் ஊர்க்காரர்தான், நம்பலாம் என்று நினைக்கிறேன்.

உன்
ஸுஹைர்