அம்மா வீடு மாறிய நாள்

வூஷான்
12 மே 2003

அன்பு மகள் யுன்ஜிங்குக்கு அப்பா எழுதுவது. இங்கே எனக்கு உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. அங்கே டொரண்டோவிலும் அந்தச் சார்ஸ் காய்ச்சல் இருக்கிறதாமே, நீயும் மாப்பிள்ளையும் குட்டி தௌதௌவும் அதன் கண்ணில் படாமல் இருக்க வேண்டும் என்பதுதான் காலையில் எழுந்ததும் என் முதல் நினைப்பு. கூட்டத்துக்குள் போகாதே. சென்ற வாரம் நீ தொலைபேசியில் பேசியபோது "வராதே" என்று ஒரே வார்த்தை சொல்லி வைத்துவிட்டேன், கோபம் என்று நினைத்திருப்பாய். கோபம் இல்லையம்மா, இன்னும் ஒரு நிமிடம் உன் குரலைக் கேட்டிருந்தால் வா என்று சொல்லியிருப்பேன். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களைப் பதினான்கு நாள் தனியாக வைக்கிறார்கள். ஜூன் முதல் தேதி ஆற்றின் புது அணையில் தண்ணீர் தேக்கப் போகிறார்கள், நம் பழைய தெருவெல்லாம் மூழ்கிவிடும், ஆற்றங்கரைக் கல்லறைகளை எடுக்க நமக்குக் கொடுத்த கடைசி நாள் முந்தாநாள். நீ வந்திருந்தாலும் ஏதோ ஓர் அறையின் சன்னலைத்தான் பார்த்துக்கொண்டு இருந்திருப்பாய். "அம்மா செத்தப்பவும் நான் இல்ல, இப்பவும் இல்லேன்னா நான் என்ன மகப்பா?" என்று அழுதாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம்.

கல்லறையைத் தோண்டுவதற்கு முன் பெற்ற பிள்ளைதான் குனிந்து, செத்தவரிடம் வீடு மாறப்போவதைச் சொல்ல வேண்டும், முதல் எலும்பைப் பிள்ளைதான் எடுக்க வேண்டும் என்பது உனக்குத் தெரியும். உனக்காகவே ஆறு மாதம் தள்ளிப்போட்டேன். உன் மாமா யோங்சுவான் தன் மகனை அனுப்புகிறேன் என்றார், நானே எடுக்கிறேன் என்றேன். "அத்தான், புருஷனே போய் எடுத்தா ஊரு சிரிக்கும். உயிரோட இருந்தப்பதான் விடியக்காலையில எழுப்பி உக்காரவெச்சு அக்காகிட்ட ராஜவம்சப் பட்டியல ஒப்பிப்பீங்க, இப்பவுமா தூங்க விடமாட்டீங்க?" என்றார். அவரும் என் சரித்திர வகுப்பில் இருந்தவர்தானே, உதாரணம் சொல்லாமல் விடுவேனா? வடக்கிலிருந்து மஞ்சு அரசர்கள் வந்து நாட்டைப் பிடித்து, முன்தலையை மழித்துச் சடை வைக்காதவன் தலை போகும் என்று ஆணையிட்டபோது, பெற்றோர் தந்த முடியை மழிக்க மாட்டோம் என்று நம் முன்னோர் அழுதார்கள், பலர் செத்தும் போனார்கள். இருநூற்று அறுபது வருடம் கழித்துக் குடியரசின் சிப்பாய் நகர வாசலில் கத்தரிக்கோலோடு நின்றபோது என் தாத்தா அதே சடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, இது முன்னோர் தந்தது என்று அழுதார். பிறகு ஐம்பத்தெட்டில் என் அப்பாவின் கல்லறையை உழுது வயலாக்கினார்கள், யார் எடுப்பது, என்ன முறை என்று கேட்க எங்கள் ஒருவருக்கும் வாய் வரவில்லை. இந்தத் தடவை எடுக்கவாவது விடுகிறார்களே யோங்சுவான் என்றேன். "பாடம் முடிஞ்சுதா வாத்தியாரே, மணி அடிக்கலாமா?" என்று கேட்டுவிட்டு, கறுப்புக் குடையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவரே முன்னால் நடந்தார்.

அம்மா இருந்த ஆரஞ்சுத் தோப்பில் பூ உதிர்ந்து கிடந்தது. அம்மாமேல் வெயில் படாமல் மாமா குடை பிடித்தார். நான் குனிந்தேன். முப்பத்தாறு வருடம் வகுப்பில் கத்தியவன், அவள் காதுக்கு மட்டும் கேட்கும்படி பேசினேன். "சுலான், யுன்ஜிங் சொல்லச் சொன்னா, வீடு மாறப் போறோம், எழுந்திரு" என்றேன். கால் எலும்பிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, புதுப் பெட்டியில் விரித்த சிவப்புத் துணியில் வைத்தேன். தலைமாட்டில் அன்று நான் வைத்த அவளுடைய பல் போன சீப்பு அப்படியே இருந்தது, அதையும் பெட்டிக்குள் வைத்தேன். நானே சுமந்து மலைமேல் ஏறினேன், மாமா இரண்டு தடவை கேட்டும் கொடுக்கவில்லை. ஆறு எவ்வளவு ஏறினாலும் எட்டாத இடம், படகில் வந்தால் தூரத்திலிருந்தே தெரியும்.

புதுக் கல்லில் 'மகள் யுன்ஜிங் நட்டது' என்று வெட்டச் சொன்னேன். மாமா எழுத்து சரியாக இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தார். உயிரோடு இருப்பவர் பெயருக்குச் சிவப்பு பூச வேண்டுமல்லவா, கல்வெட்டுகிறவர் தூரிகையை எடுத்தபோது நான் தடுத்துவிட்டேன். அதை நீ வந்து பூச வேண்டும். சிறு டப்பா ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், காய்ந்துபோனால் வேறு வாங்கலாம். அவசரமில்லை, காய்ச்சல் அடங்கட்டும், தௌதௌவின் பள்ளி விடுமுறை வரட்டும்.

நீங்கள் மூவரும் நீண்ட ஆயுளோடும் மன அமைதியோடும் இருக்க என் ஆசிகள். உறையின் பின்பக்கம் உள்ள புது முகவரிக்கு எழுது, பழைய தெருவுக்கு எழுதினால் தபால்காரர் நீந்தித்தான் போக வேண்டும். உன் பெயரைத் தினமும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

உன் அப்பா,
தான் கெஜியன்