தேங்காய்ச் சக்கைக் கேக்

நேற்று என் மகள் ஓர் அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள். பெட்டிக்கு ரிப்பன் வேறு. உள்ளே கறுப்பாக நாலு துண்டு. "நைனா, இதுல சர்க்கரையும் இல்ல, மைதாவும் இல்ல. நீ பயப்படாம துன்னலாம்" என்றாள். எனக்கும் சுகர் வந்து நாலு வருஷம் ஆகிறது மாமு, உனக்குத் தெரியாது.

மூடியைத் திறந்ததும் அந்த வாசனை. காய்ந்த தேங்காய்ச் சக்கை சூட்டில் வேகிற வாசனை. பெட்டியைத் திருப்பிப் படித்தேன். தேங்காய் மாவு, முட்டை, இசப்கோல் உமி. யாரோ ஒரு பெண் தன் சமையலறையில் வருஷக்கணக்காக ஆராய்ச்சி செய்து கண்டுபிடித்தாளாம், அவள் படமும் போட்டிருக்கிறது. அடி அம்மா, நீ ரிப்பன் கட்டுவதற்கு முன்பே ராயபுரத்தில் சர்ச்சுக்குப் பின்னால் இருந்த சந்தில் இரண்டு தடியன்கள் இதைச் செய்து, தெருவே காறித் துப்பியாகிவிட்டது. அதில் ஒருவன் நீ, போய்ச் சேர்ந்துவிட்டாய். மிச்சமிருக்கிற நான்தான் இதை உனக்கு எழுதுகிறேன்.

இரண்டாயிரம் பிறந்து இரண்டொரு வருஷம் இருக்கும். நீ துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தாய். நான் அப்பா விட்டுப்போன பேக்கரியில் விறகடுப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேராக என் கடைக்கு வந்தாய். எப்போதும் வந்ததும் க்ரீம் பன்னுக்குக் கை நீட்டுகிறவன், அன்றைக்கு மாவு மூட்டைமேல் போய் உட்கார்ந்தாய்.

"இன்னா மாமு, ஒடம்பு சரியில்லையா?"

"சுகராம். எக்கச்சக்கமா கீதாம். ஜனவரில மெடிக்கலு. அதுக்குள்ள கொறையலன்னா கிரேன்லேர்ந்து எறக்கிடுவாங்களாம்."

அந்த டாக்டரை நான் பார்த்ததில்லை. பார்க்காமலே பிடிக்கவில்லை. அரிசியைக் குறை, மைதாவைத் தொடாதே, இனிப்பை மற என்று மூன்று வரியில் ஒரு மனுஷனின் வாழ்க்கையை எழுதிக் கொடுத்துவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டிருக்கிறார். கிரேன் கேபினில் உட்கார்ந்து ஊரைப் பார்ப்பதைத் தவிர உனக்கு வேறு என்ன பெருமை இருந்தது? மேலேயிருந்து பார்த்தால் திருவொற்றியூர் கோபுரம் வரைக்கும் தெரியும் என்று எத்தனை பேரிடம் அளந்திருப்பாய். அதையும் இனிப்பையும் ஒரே நாளில் பிடுங்கினால் நீ எதையாவது ஒன்றைத் திருடத்தான் போகிறாய் என்று எனக்குத் தெரியும். உன் நாக்கின் யோக்கியதை எனக்குத் தெரியாதா?

அதனால்தான் நான் அந்த வேலையில் இறங்கினேன். அன்பு என்று நினைக்காதே. முப்பது வருஷமாக மைதாவையும் சர்க்கரையையும் வைத்துப் பிழைக்கிறவன், அவை இல்லாமல் ஒரு கேக் செய்ய முடியாதா என்கிற திமிர்தான் அது.

தேங்காய்ச் சக்கை உன் யோசனை. ஞாயிற்றுக்கிழமை தெருவில் எல்லா வீட்டிலும் பால் பிழிந்து சக்கையைக் குப்பையில் கொட்டுவார்கள். நீ வெட்கமே இல்லாமல் ஒரு குண்டானோடு வீடு வீடாகப் போய் வாங்கி வந்தாய். உன் மனைவி ஸ்டெல்லா தலையில் அடித்துக்கொண்டாள். "கிரேன் ஓட்டுறவரு வூடு வூடா சக்க கேட்டுகினு போறாரு, மானமே போவுது" என்றாள். என் மொட்டைமாடியில் வேட்டியை விரித்து அதைக் காயவைத்தோம். மூன்று நாள் கழித்து அரைத்துப் பார்த்தால் மாவு சாம்பல் நிறம். நான் அடுப்பைச் சந்தேகப்பட்டேன், அரவை மில்காரனைத் திட்டினேன். முதல் கேக்கைக் கடித்தபோது பல்லில் நறநறவென்றது. நீதான் கண்டுபிடித்தாய்.

"மாமு, இது நிலக்கரித் தூளு. நான் எறக்குற கரிதான் உன் மாடில உக்காந்துகினு கீது."

பிறந்ததிலிருந்து அந்தத் தூளில் துணி காயவைத்து, அந்தத் தூளையே காலிலிருந்து கழுவிக்கொண்டிருந்தவர்கள் நாம். அது நமக்குக் கண்ணில் படவேயில்லை. வெளியூர்க்காரன் எவனும் அந்த மாடியில் சாப்பாட்டுச் சாமான் எதையும் விரித்திருக்க மாட்டான். அதற்குப் பிறகு சக்கையை அடுப்பின் மிச்சச் சூட்டில்தான் உலர்த்தினோம்.

சக்கை மட்டும் போட்டால் கேக் உதிர்ந்தது. மலச்சிக்கலுக்குக் குடிக்கிற இசப்கோல் போட்டால் ஒட்டும் என்று எனக்கு ஓர் எண்ணம். மருந்துக்கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "எத்தினி நாளா போவல?" என்று கேட்டார். ஈரப்பதத்துக்கு வெள்ளைப் பூசணியைத் துருவிப் பிழிந்து போட்டோம். முட்டை எட்டு. வறுத்த வேர்க்கடலைப் பொடி. இனிப்புக்கு, டீயில் போடுகிற மாத்திரை. அதை மாவில் கலந்து அடுப்பில் வைத்தால் வெளியே வரும்போது இனிப்பு என்பதே இல்லை, சூட்டில் எல்லாம் போய்விடுகிறது. இது புரியவே நமக்கு மூன்று ஞாயிறு ஆனது. பிறகு மாத்திரையை வெந்நீரில் கரைத்து, வெந்த கேக்மேல் தெளித்தோம்.

ருசியா? பொய் சொல்ல மாட்டேன். ஈர அட்டை தின்பது போல இருந்தது. ஆனால் நீ தின்றாய். கண்ணை மூடிக்கொண்டு, "கிராம்பு வாசன சூப்பரா கீது" என்று எதையாவது சொல்லி எனக்குத் தைரியம் சொல்லிக்கொண்டே தின்றாய். க்ரீம் பன் பக்கம் திரும்பவில்லை. நவம்பர் கடைசியில் ரத்தம் பார்த்தபோது பாதிக்குமேல் இறங்கியிருந்தது. நீ அந்தக் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பார்க்கிறவர்களிடமெல்லாம் காட்டினாய்.

அப்புறம் கிறிஸ்துமஸ் வந்தது.

நம் தெருவில் வீட்டில் கேக் சுடுகிற அடுப்பு வைத்திருந்தவர் யார்? எல்லோரும் மாவைக் கலந்து தட்டில் ஊற்றி, தங்கள் தட்டு என்று தெரிய ஓரத்தில் ஒரு துணிக்கிழிசலைக் கட்டி, என் கடைக்குத்தான் தூக்கிவருவார்கள். டிசம்பர் நடுவிலிருந்து வரிசை சர்ச்சு மதில்வரைக்கும் நிற்கும். தெருவே நிற்கிற அந்த வரிசையில், உனக்கு யார் புத்தி சொன்னார்களோ, நம் சக்கைக் கேக்கைத் துண்டு போட்டுத் தட்டில் வைத்துக்கொண்டு போய் நீட்டினாய். "என் தோஸ்து செஞ்சது. சுகர்காரங்க துன்னலாம்" என்றாய்.

வரிசையில் நின்ற பிலோமினா அக்கா ஒரு வாய் வைத்துவிட்டு உள்ளங்கையில் துப்பினாள். "இன்னாடா இது, மாட்டுக்கு வெக்கிற புண்ணாக்கா? உங்கப்பன் கை இன்னா கை! அந்தக் கைக்குப் பொறந்ததாடா இது?" என்று உள்ளே எட்டி என்னைப் பார்த்துக் கேட்டாள். வரிசை முழுக்கச் சிரித்தது. வனஸ்பதியில் முக்கி எடுத்த மாவைத் தட்டில் வைத்துக்கொண்டு நின்ற கூட்டம், என் கையைப் பார்த்துச் சிரித்தது. அவர்களில் ஒருத்திக்கும் முட்டையை ஒழுங்காக அடிக்கத் தெரியாது. வருஷா வருஷம் அவர்களின் கல்லு மாதிரியான கேக்கை என் அடுப்புதான் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

நீயும் அவர்களோடு சேர்ந்து சிரித்தாய். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அன்று சாயங்காலம் நீ ஷிப்டுக்குப் போய்விட்டாய். நான் தனியாக அடுத்த தட்டுக்கு மாவு கலந்தேன். சர்க்கரை மூட்டை கைக்கெட்டுகிற தூரத்தில் இருந்தது. பொடித்து, நான்கு கை அள்ளிப் போட்டேன். கொஞ்சம் மைதாவும் போட்டேன். மறுநாள் வரிசையில் நானே கொண்டுபோய் நீட்டினேன். பிலோமினா அக்கா இரண்டாவது துண்டு கேட்டாள். "இப்பத்தான்டா உங்கப்பன் புள்ள" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான், மாமு. வேறு எதற்காகவும் இல்லை.

அந்தத் தட்டு வரிசைக்கு மட்டும் என்றுதான் நினைத்திருந்தேன். நீ ஷிப்டு முடிந்து வந்து, மிச்சமிருந்ததில் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டாய். அப்படியே நின்றுவிட்டாய். உன் கண் கலங்கியதைப் பார்த்தேன்.

"வந்துட்ச்சி மாமு. வந்தே வந்துட்ச்சி. இன்னா பண்ண?"

"மாத்திரையக் கூட்டினேன்" என்றேன்.

அந்த நிமிஷம் சொல்லியிருக்கலாம். மறுநாள் சொல்லியிருக்கலாம். உன் முகத்தைப் பார்த்தபின் பழைய அட்டையைத் திரும்ப உன் கையில் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை என்று பல வருஷம் எனக்கே சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய். நீ என் கையைப் புகழ்ந்தாய், அது எனக்கு வேண்டியிருந்தது. மூன்று வாரம், ஒவ்வொரு தட்டிலும் போட்டேன். வெறும் சர்க்கரைக் கேக்காக இருந்திருந்தால் நீ ஒரு துண்டோடு பயந்து நிறுத்தியிருப்பாய். இதில் ஒன்றும் இல்லை என்று நம்பியதால் காலையில் தின்றாய், ராத்திரி சோற்றுக்குப் பதில் தின்றாய். மெடிக்கலுக்குப் போன அன்றைக்கு, வெறும் வயிற்றில் ஒரு ரத்தம் எடுத்தபின் சாப்பிட்டு வரச் சொன்னார்களே, அப்போதுகூட இட்லி வேண்டாம் என்று பொட்டலத்திலிருந்து அதைத்தான் எடுத்துத் தின்றாய்.

உன்னைக் கிரேனிலிருந்து இறக்கிவிட்டார்கள். கீழே ஒரு ஷெட்டில் நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள்.

அன்று நீ என் கடைக்கு வந்தபோது நான் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவோடுதான் இருந்தேன். நீ முந்திக்கொண்டாய்.

"மாமு, ஒண்ணு சொல்றேன், அடிச்சாலும் பரவால்ல. பண்டிக அன்னிக்கி பிலோமினா அக்கா வூட்ல ஒரு துண்டு துன்னுட்டேன். தட்ட கையில குட்த்துட்டு மூஞ்சியவே பாத்துகினு நின்னுது. வேணான்னு சொல்ல வாய் வரல. வெரல் அளவு தான். மூணு மாசம் நீ பட்ட பாட்ட ஒரு துண்டுல கெடுத்துட்டேன்."

அடுப்பில் பன் கருகிக்கொண்டிருந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு அப்போது என்ன தோன்றியது தெரியுமா? அப்பாடா என்று தோன்றியது.

"த்தூ, நீயெல்லாம் ஒரு மனுஷனா?" என்றேன். "கலீஜ் நாக்குடா உன்து. உனக்குப் போயி ராவா பகலா செஞ்சேன் பாரு, என்னச் சொல்லணும்." இன்னும் என்னென்னவோ சொன்னேன். இவ்வளவு நன்றாக நான் யாரையும் திட்டியதில்லை. நீ தலையைக் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாய். போகும்போது, "இனிமே எனக்குச் செய்யாத மாமு, அதுக்கு நான் லாயக்கில்ல" என்றாய். அதற்குப் பிறகு சாகும்வரை நீ கேக் என்று எதையும் தொடவில்லை. பண்டிகைக்கு எந்த வீட்டுப் படியும் ஏறவில்லை.

சுகர் முற்றி உன் ஒரு காலை வெட்டி எடுக்கப்போகிற அன்றைக்குக்கூட, ஆஸ்பத்திரியில் நர்ஸிடம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாய். "என் தோஸ்து செஞ்ச கேக்குல குத்தமில்ல சிஸ்டர். நான்தான் ஒரு துண்டுல மாட்டிக்கினேன். கேட்டுப் பாருங்க." அந்த அம்மா என்னைப் பார்த்தாள். நான் "ஆமா" என்றேன்.

எப்படியும் வரவேண்டிய வியாதிதான், நாலு கை சர்க்கரையில் என்ன ஆகிவிடும் என்று எனக்குள் ஒரு வக்கீல் இருக்கிறான். அவன் பேசும்போதெல்லாம் பிலோமினா அக்காவும் அந்த டாக்டரும் எவ்வளவோ மேல் என்று தோன்றுகிறது. அவர்களையெல்லாம் இத்தனை வருஷம் மட்டமாகப் பேசிய வாய் இது.

ஸ்டெல்லாவை ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் போய்ப் பார்க்கிறேன். உன் படத்துக்கு மாலை போட்டிருப்பாள். போட்டுவிட்டு உன்னைத் திட்டுவாள். "ஒரே ஒரு துண்டுக்கு நாக்க நீட்டிட்டு என்னத் தனியா வுட்டுட்டுப் போனியே" என்று இன்றுவரை அந்த ஒரு துண்டைத்தான் சொல்லிச் சொல்லி அழுகிறாள். நான் எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எனக்கு டீ போட்டுக் கொண்டுவருகிறாள், சர்க்கரை போடாமல். குடித்துவிட்டு எழுந்து வருகிறேன்.