திறந்து கிடந்த கோப்பு

அபிராமபுரம்,
ஆகஸ்ட் 1998

அன்புள்ள அப்பாவுக்கு ஐரின் எழுதுவது. உங்கள் மூட்டு வலி தேவலையா? எனக்கு ஹாஸ்டல் சாம்பாரைத் தவிர வேறு குறையில்லை.

ஆபீஸில் ஒரு கூத்து. ஒரு கல்யாணத் தகவல் மையத்தின் வெப்சைட்டுக்குப் பெர்ல் என்கிற கம்ப்யூட்டர் மொழியில் புரோகிராம் எழுதினேன். பெண் வீட்டார் பதிவு செய்தால் ‘சர்வர் எரர்’ என்றே வந்தது. நான் காரணம் தேடுவதற்குள் மேனேஜர் சாய்நாத், விவரக் கோப்பை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், எழுதலாம் என்று திறந்துவிட்டார். எரர் போய்விட்டது. பெண்களின் விலாசமெல்லாம் ஊருக்கே தெரிகிறதே என்று கத்தினேன்.

“எத்தனை பேர் ஆத்துல இன்டர்நெட் இருக்கு? யாரும்மா பாக்கப் போறா?”

இப்போது அந்தப் பெண்களுக்கு ஆபாசக் கடிதங்கள் வருகின்றன. அதற்கும் இளிக்கிறார்: “பாத்தியா, நம்ம சைட்டையும் நாலு பேர் பாக்கறா!” அந்த ஆளுக்கு எதிரே உட்காரவே உடம்பு கூசுகிறது.

கோப்பை நானே பூட்டிவிட்டேன், கவலைப்படாதீர்கள். எலுமிச்சை ஊறுகாய் கொஞ்சம் அனுப்புங்கள்.

அப்புறம், என் பெயருக்குத் தெரியாதவர்களிடமிருந்து கடிதம் வந்தால் அம்மா கண்ணில் படாமல், பிரிக்காமல் அடுப்பில் போட்டுவிடுங்கள். சைட் காலியாகத் தெரியக் கூடாதென்று சாய்நாத் மாதிரிக்குப் போட்ட முதல் பெயர் என்னுடையது. நம் தூத்துக்குடி விலாசத்தோடு.

தபால் எடுக்க வந்துவிட்டார்கள்.

ஐரின்