ஒரு நரைமுடியும் சிவப்பு வெளிச்சமும்

வெள்ளகோவில்

அன்பு மகள் பிரவீனாவுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் நலம். நார்வே குளிரில் நீயும் நலமாயிருக்க வேண்டும் என்பதுதான் தினமும் வேண்டுதல். முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது என்று அழுதாயே, தலைக்கு எண்ணெய் வைக்கிறாயா இல்லையா? விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு அங்கே வந்துவிடச் சொல்கிறாய். போனில் பதில் சொன்னால் பாதியிலேயே குறுக்கே பேசுவாய், அதனால்தான் எழுதுகிறேன். நான் இப்போது வரமாட்டேன் கண்ணு. ஏன் என்று கேள்.

என் ப்ளஸ் டூ வகுப்பில் அக்ஷிதா என்று ஒரு பெண், கல்லூரியில் இயற்பியல்தான் படிப்பேன் என்கிறாள். அவள் அப்பா அழகிரிசாமி நூல் மில் வைத்திருப்பவர், மில் கணக்கைப் பார்க்க பி.காம் போதுமுங்க என்று ஒரே பிடியாக நின்றார். உங்கள் பெண் எதற்கு ஆசைப்படுகிறாள் என்று ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டு முடிவு சொல்லுங்கள் என்று லேபுக்கு வரச் சொன்னேன். கண்ணாடித் துண்டில் விளக்குக் கரி படியவிட்டு, இரண்டு பிளேடை ஒன்றாகப் பிடித்து மெல்லியதாய் இரண்டு கோடு கீறி வைத்திருந்தேன். அந்த இடுக்குகள் வழியே லேசர் விளக்கின் வெளிச்சம் போனால் சுவரில் இரண்டு கோடு மட்டும் விழாது, வெளிச்சமும் இருட்டும் மாறி மாறி வரிசையாக விழும். ஆனால் ஆயுத பூஜைக்கு லேபைக் கழுவிய பள்ளி ஆயா தெய்வாத்தாள், ஒரே கரியா இருந்துச்சுங்க டீச்சர், தேச்சு வெச்சுப்போட்டேன் என்று பளபளவென்று கழுவி, நடுவில் சந்தனம் குங்குமம் வேறு வைத்திருக்கிறாள்! நான் கண்ணாடியைக் கையில் எடுக்கிறேன், வாசலில் மகளோடு வந்த அழகிரிசாமி செருப்பைக் கழற்றுகிறார். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. விடுவேனா? தலையிலிருந்து ஒரு நரைமுடியைப் பிடுங்கி லேசர் விளக்கின் முனையில் குறுக்கே ஒட்டினேன். முடியின் இரண்டு பக்கமும் வெளிச்சம் வளைந்து போய் மறுபடி சந்திக்கும், அலைகள் சேருமிடத்தில் வெளிச்சம், ஒன்றையொன்று அழிக்குமிடத்தில் இருட்டு. ஜன்னலைச் சாத்தினோம். சுவரில் சிவப்புத் துண்டுகள் வரிசையாக வந்து நின்றன.

மனுஷன் எழுந்து போய்ச் சுவரைத் தொட்டுப் பார்த்தார். அடுத்து அக்ஷிதா தன் முடியை ஒட்டினாள். என்னுடையதைவிட மெல்லிசு, அதனால் துண்டுகள் இன்னும் அகலமாக விரிந்தன. முடி மெலிய மெலிய அதிகமா விரியுமுங்கப்பா என்று அவளே சொன்னாள். அவர் வாரேனுங்க டீச்சர் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் அவள் ஒரு கவரை நீட்டினாள், உள்ளே ஒரு முடி. அந்த மனிதர் தலையில் இருப்பதே நாலு முடி, அதில் ஒன்று! இது எவ்வளவு விரியுதுன்னு பாத்துட்டு வரச் சொன்னாருங்க, அப்படியே இயற்பியலுக்கு எந்தக் காலேஜ் நல்லதுன்னும் கேட்டுட்டு வரச் சொன்னாருங்க என்றாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

அவள் கல்லூரி வாசல் ஏறும்வரை நான் இங்கிருந்து நகரமாட்டேன், டிக்கெட் போடாதே. அப்பா பருப்புப் பொடி அனுப்புகிறார், பத்திரமாக வாங்கிக்கொள். நோய்நொடி அண்டாமல் நீ நல்லாயிருக்க வேண்டும் சாமி. எண்ணெய் வைக்க மறக்காதே. கொட்டுகிற முடியில் ஒன்றைப் பதில் கடிதத்தில் வைத்து அனுப்பு, உன்னையும் அந்தச் சுவரில் ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன்.

உன் அம்மா,
மரகதம்