ஈரக் கட்டியை எறிந்தவன்

என் செல்லத் தம்பி வேலு,

உன்னைக் கொன்றவன் இன்று செஞ்சிக் கடைவீதியில் எல்லார் முன்னாலும் ஓடினான். முதலில் இதைச் சொன்னால்தான் எனக்கு மூச்சு வரும்.

நீ போனதிலிருந்து அந்தக் காண்ட்ராக்டர் ஒன்றையேதான் சொல்லிக்கொண்டிருந்தான். "பையன் குடிச்சிட்டு தீயை ஏத்திட்டான், பீப்பா பொங்கிடுச்சு." டீயைத் தவிர வேறொன்றும் தொடாத நீயா? அதைக் கேட்டு அம்மா வாசலுக்கு வருவதையே விட்டுவிட்டாள். எனக்கு அவன் குரல்வளையைக் கடிக்க வேண்டும் போலிருக்கும்.

நாம் மொட்டை மாடிகளுக்கு ஒழுகாமல் பிட்ச் பூசிப் பிழைத்தவர்கள். அந்தக் கரித்தார்க் கட்டி உருகும்போது நீ அடுப்பை விட்டு நகரமாட்டாய். ஈரமெல்லாம் சத்தம் போட்டுப் போகும்வரை சிறுதீதான். பிறகு குச்சியில் கொஞ்சம் எடுத்து ஆறவைத்து நகத்தால் அழுத்துவாய். தீ போதாவிட்டால் சித்திரை வெயிலில் இளகி ஓடும். மிஞ்சினால் எண்ணெய்ச் சத்தெல்லாம் புகையாகிப் பூச்சு விரிசல் விட்டுவிடும். நகம் பதிந்தால்தான் உனக்குத் திருப்தி.

அன்று ஜவுளிக்கடை மாடியில் பாதி முடித்திருந்தாய். மேகம் கறுத்தது. "இன்னாடா இன்னும் பாத்துக்கினு இருக்க, மழை வந்துடும்" என்று கத்திக்கொண்டே காண்ட்ராக்டர், முந்தின மழையில் நனைந்து கிடந்த கட்டியைத் தூக்கிக் கொதிக்கும் பீப்பாயில் எறிந்தான். "ஈரம்ணே, வேணாம்!" என்று நீ கத்தி முடிப்பதற்குள் கறுப்பு வெடித்து உன் முகத்தில் அறைந்தது. தூக்கிய என் கையோடு உன் தோல் வந்தது, வேலு. அந்தக் கையை நான் எதில் கழுவுவேன்?

நடந்ததைக் கூடப் பிறந்தவள் சொன்னால் யார் நம்புகிறார்கள்? "ஈரத்துல இன்னா ஆவும்? உருகும், அவ்ளோதான்" என்று அவன் சிரித்தான்.

உனக்குப் பிறகு அவசரத் தீயில் அவன் போட்ட மறுபாதி பாளம் பாளமாக வெடித்து ஒழுகுகிறது. உன் பாதியில் சொட்டு இறங்கவில்லை. ஜவுளிக்கடைக்காரர் இன்று என்னையும் அவனையும் கூப்பிட்டார். நான் அடுப்போடு போனேன்.

கடை வாசலில் சட்டியில் பிட்ச்சைக் காய்ச்சினேன். கூட்டத்தை ரோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளி நிற்கச் சொன்னேன். இடுக்கியில் தண்ணீர் சொட்டும் கட்டியைப் பிடித்துக்கொண்டு, "ஈரம் ஒண்ணும் பண்ணாதுன்னியே. வா, குனிஞ்சி பாரு" என்றேன்.

அவன் பின்வாங்கினான். நான் கையைச் சட்டிக்கு மேலே கொண்டுபோனேன்.

"வேணாம்மா! வெடிக்கும், போடாத!" என்று அலறினான்.

வீதியே கேட்டது. "அப்போ உனக்குத் தெரியும்" என்றேன். ஒற்றைச் செருப்போடு ஓடினான்.

அவன்மேலேயே சட்டியைக் கவிழ்க்கத்தான் கை துடித்தது. ஏன் கவிழ்க்கவில்லை? நீ பிடித்துக்கொண்டாயா? கட்டியைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். வீட்டுக்கு வந்தபோது அம்மா வாசலில் நின்றிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரியிடம், "எம்புள்ள குடிக்கல" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

நாளை அவன் போட்டதைச் சுரண்டி எறிந்துவிட்டு நானே பூசுகிறேன். மழை வந்தாலும் சிறுதீதான், உலர்ந்த கட்டிதான். என் அடுப்பருகே எவனாவது ஈரக் கட்டியோடு வந்தால் அவன் கையை முறிப்பேன். உன்மேல் சத்தியம்.

நீ விட்ட பாதியை முடிக்கப்போகும்
உன் அக்கா செல்வி