அக்கரையிலிருந்து வந்தவர்கள்

1953 மார்ச் 8, ஞாயிறு

இன்றும் பிரசங்கத்தில் ஆம்ப்ரோஸ் தடுமாறினார். ஆனால் ஆராதனை முடிந்ததும், நியூகாசிலிலிருந்து கோயில் பார்க்க வந்தவர்களுக்கு வழக்கம்போல மூச்சுவிடாமல் கதை சொன்னார். எழுநூறு வருஷக் கோயில். ஸ்காட்லாந்துக் கொள்ளைக்காரர்கள் மாடு திருட எல்லை ஆற்றைத் தாண்டி வந்து மூன்று தரம் எரித்தது. தீப்பிடிக்காமல் இருக்கக் கூரைக்கும் கல்லையே போட்டது. மணி அடித்ததும் முதலில் குழந்தைகளைக் கோபுரத்துக்குள் ஏற்றியது. கல்யாணம் ஆன நாளிலிருந்து இவர் வாயால் கேட்கிறேன். இன்று ஒரு சொல் மாறியிருந்தது. "ஏற்றினார்கள்" என்று சொல்லவில்லை. "ஏற்றினோம்" என்றார்.

மார்ச் 19

மாடுகளை உள்ளே ஓட்டியாச்சா என்று கேட்டார். எங்களுக்கு மாடே கிடையாது. தூக்கக் கலக்கமா? பட்டப்பகலிலா?

ஏப்ரல் 12, ஞாயிறு

அவர் தூங்கிவிட்டார். எழுதினால் மனசு ஆறுமோ என்னவோ.

ஹில்டாவின் குழந்தைக்கு ஞானஸ்நானம். ஹில்டா இந்த ஊர்ப் பெண், அக்கரைக்கு வாழ்க்கைப்பட்டவள். புருஷன் டேவியும் அவன் சொந்தக்காரர்களும் உரக்கப் பேசிக்கொண்டே உள்ளே வந்தார்கள். அந்த ஸ்காட்லாந்துப் பேச்சைக் கேட்டதுமே ஆம்ப்ரோஸின் முகம் வெளுத்துவிட்டது. குழந்தையைக் கையில் வாங்கினார். ஞானஸ்நானத் தொட்டிப் பக்கம் திரும்பவே இல்லை. நேரே கோபுரத்துக்குள் போய்க் கதவைச் சாத்தி, இரும்புத் தண்டைக் குறுக்கே போட்டுவிட்டார்.

டேவி கதவை உதைத்தான். "யோவ் கெழவா, புள்ளையக் குடுய்யா!"

"தர மாட்டேன்டா!" உள்ளேயிருந்து அவர். குழந்தை வீறிட்டது.

நான் போய்க் கெஞ்சினேன். "நான்தாங்க, ஈஸ்பெல். தொறங்க."

"ஒன் பேச்சும் அக்கரைப் பேச்சாத்தான் இருக்கு. போயிடு!"

நான் அக்கரையில் பிறந்தவள்தான். இத்தனை வருஷத்தில் அவர் அதைக் கேலிக்கு மட்டும்தான் சொல்லியிருக்கிறார்.

ஹில்டாதான் டேவியை வெளியே தள்ளிவிட்டு வந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, கதவோடு வாய் வைத்துச் சொன்னாள்: "ஐயா, அவனுங்க எல்லாம் ஆத்தத் தாண்டிப் போயிட்டானுங்க. புள்ள பசிச்சு அழுவுது. பால் குடுக்கணும்."

"மாடெல்லாம்?"

"ஒண்ணுகூடப் போகல ஐயா."

திறந்தார். குழந்தையைத் தன் அங்கிக்குள் நெஞ்சோடு சுற்றி வைத்திருந்தார். ஒரு கீறல்கூட இல்லை.

ஏப்ரல் 13

டேவி வந்தான். சண்டைக்கு வந்திருக்கிறான் என்றுதான் நினைத்தேன். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். "யார்கிட்டயும் நான் புகார் சொல்ல மாட்டேம்மா. ஆனா இன்னொரு புள்ளைய அவர் கையில குடுத்துடாதீங்க."

அவன் சொல்வதில் என்ன தப்பு?

மே 5

டேவி சொல்லாவிட்டால் என்ன, ஊர் வாயை மூட முடியுமா? பிஷப் வந்தார். கனிவாகத்தான் பேசினார். ஜூன் முடிவதற்குள் கோயில் கொடுத்த வீட்டைக் காலி செய்ய வேண்டும், புதுப் போதகர் வருகிறாராம். நாங்கள் எங்கே போவது? எனக்கென்று இருப்பது ஒரே அண்ணன். அவரும் ஆற்றுக்கு அந்தப் பக்கம்.

ஜூன் 20, சனி

பஸ் பாலத்தில் ஏறியதும் என் கையைப் பிடித்தவர், விடவே இல்லை. அக்கரைக் கொள்ளைக்காரர்கள் எங்களைச் சிறைபிடித்துக்கொண்டு போவதாக நினைத்துவிட்டார். அண்ணன் வாசலுக்கே வந்து, "வா தங்கச்சி. வாங்க மாப்ள" என்றார். இவர் என் காதோரம் குனிந்தார்: "நீ வாயத் தொறக்காத. பேசினா நாம எந்த ஊருன்னு தெரிஞ்சுடும்."

நான் பிறந்து வளர்ந்த வீடு. அண்ணி பார்லி சூப்பும் ரொட்டியும் வைத்து, "என்ன இவ, வந்ததுலேருந்து ஒரு வார்த்தை பேச மாட்டேங்கிறா?" என்றாள்.

அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை நான் பேசவில்லை.