கண்மாயில் நான் விட்ட மீன்

என் கருப்பட்டிக்கு,

அம்மா எழுதுவது. நீ உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் வேளைக்குச் சாப்பிட்டு வேலைக்குப் போய் வருகிறாய் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். எனக்கு முழங்கால் வலி தவிர வேறு நோவு இல்லை, மாடு கன்று போட்டிருக்கிறது, கிடாரிதான், அப்பா இருந்தால் சந்தோசப்பட்டிருப்பார். அவர் இல்லாத வீட்டில் லைட்டைப் போட்டால்கூட யாருக்குப் போடுகிறோம் என்று இருக்கிறது, பழகிவிடும் என்கிறார்கள், பழகவில்லை. நீ போன் பண்ணும்போதெல்லாம் குழாயில் தண்ணீர் வந்துவிட்டது என்று சொல்லி வைத்துவிடுகிறேனே, தண்ணீர் ஒன்றும் வரவில்லையப்பா, கண்மாயில் மீன்பிடி எப்படி நடந்தது என்று நீ கேட்டுவிடுவாய் என்ற பயம்தான். வாயால் சொன்னால் பாதியில் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன். அஞ்சாவது படித்தவள் எழுத்து, தப்பைத் திருத்திப் படித்துக்கொள்.

அப்பா காரியம் முடிந்து நியூசிலாந்துக்குத் திரும்பிப் போனதும் நீ சொன்னாய், இங்கே ஆற்றில் ட்ரவுட் மீன்குஞ்சு விட்டார்கள், அப்பாவை நினைத்து நானும் ஒரு வாளி விட்டேன், நம் கண்மாயிலும் அவர் பேரில் குஞ்சு விடும்மா என்று. இறகில் ஈ மாதிரிக் கட்டின தூண்டிலை வீசி நீ மீனைப் பிடித்து, கொஞ்சிவிட்டு மறுபடி ஆற்றிலேயே விடுகிற படத்தை ஊரெல்லாம் காட்டினேன். உன் சித்தப்பா மகன் அழகுபாண்டி பார்த்துவிட்டு, ஏன் பெரியம்மா, அண்ணே இருக்குற ஊர்ல மசால்பொடி கிடைக்காதா, இம்புட்டுப் பெரிய மீன முத்தம் குடுத்து அனுப்புது என்று சிரித்தான். எனக்குப் பெருமைதான். அணைக்கட்டுப் பண்ணையில் ரோகும் கட்லாவும் வாங்கு, அப்பா அங்கேதான் வாங்குவார் என்று நீ படித்துப் படித்துச் சொன்னாய். அங்கே போய் வாங்கினேன் என்று உன்னிடம் சொன்னேன். போகவில்லை ராசா. மதுரை சிம்மக்கல்லில், கண்மாய்க் கரையில் வைக்க ஃப்ளெக்ஸ் அடிக்கக் கொடுத்துவிட்டு நின்றபோது, வேனில் மீன்குஞ்சு வைத்திருந்த ஒருத்தன் பேச்சுக் கொடுத்தான். இது சாகாதுக்கா, தண்ணி வத்துனாலும் சகதியில கெடக்கும், எதப் போட்டாலும் திங்கும், ஆறு மாசத்துல ஒரு ஆளு தூக்க முடியாது என்றான். என் காதில் சாகாது என்ற சொல் மட்டும்தான் விழுந்தது. அந்தச் சொல்லை ஒருத்தர் சொல்லிக் கேட்டு எம்புட்டு நாளாகிவிட்டது, ஆஸ்பத்திரியில் அப்பாவைப் பற்றி ஒரு ஆள்கூட அதைச் சொல்லவில்லையே. மீசையெல்லாம் கெளுத்தி மாதிரி இருக்கேப்பா என்றேன், கெளுத்திக்கு அண்ணன்க்கா என்றான். ஆக்சிசன் அடைத்த பைகளோடு ஆட்டோவில் ஏறிவிட்டேன். கரையில் ஃப்ளெக்ஸும் வைத்தோம், அப்பா படம் நடுவில், பக்கத்தில் நீ கோட்டுப் போட்டுக்கொண்டு ட்ரவுட்டைத் தூக்கிக்கொண்டு நிற்கிற படம், மேலே மீன் வள்ளல் விருமாண்டி நினைவாக என்று எழுதி.

சித்திரையில் தண்ணீர் வற்றினதும் மீன்பிடி வைத்தார்கள். பாண்டியராஜன் பெரியப்பா மடைமேல் ஏறி வெள்ளைத் துண்டை வீசினார், ஊத்தாக் கூடையும் வலையுமாக சனம் மொத்தமும் இறங்கியது. துக்க வீடு இறங்கக்கூடாது என்று நான் கரையிலேயே உட்கார்ந்திருந்தேன். முதலில் ஒரே கூச்சல். ஏ, விருமாண்டி மீனு பன்னிக்குட்டி கணக்கா இருக்குடோய் என்று கத்தினார்கள், நானும் ரொம்ப நாள் கழித்துச் சிரித்தேன். அப்புறம் பார்த்தால் எந்தக் கூடையிலும் அதே மீசைக்காரன்தான். கெண்டை இல்லை, குரவை இல்லை, அயிரை பேருக்குக்கூட இல்லை. வண்டியூரில் வாக்கப்பட்ட முத்துமீனா மாமியார் வீட்டுக்கு அயிரை கொண்டுபோக வாளியோடு வந்திருந்தாள். கரையிலேயே ஒன்றை அறுத்தவள் என்னைப் பார்த்து, நம்ம கண்மாயே இது வயித்துக்குள்ள கெடக்கு பெரியம்மா என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

யாரோ போனில் படம் பிடித்துப் போட்டு, மத்தியானம் மீன்துறை ஆள் வந்துவிட்டார். இது ஆப்பிரிக்கக் கெளுத்தி, வளர்க்கவே தடை, வேறு மீனை வாழவிடாது, அத்தனையையும் குழி தோண்டிப் புதையுங்கள், மிச்சத் தண்ணீரையும் இறையுங்கள், விட்டது யார் என்று கேட்டார். அதற்குள் அழகுபாண்டி, பேர் தெரிந்துவிடக்கூடாதென்று ஃப்ளெக்ஸை அவிழ்த்து மீன் குவியல்மேல் போர்த்தி, அதன்மேல் ஏறி உட்கார்ந்திருந்தான். அப்பா முகம் எந்தப் பக்கம் இருந்ததோ. பெரியப்பா அசராமல், ஆத்து வெள்ளத்துல வந்துச்சு சார், வெள்ளத்துக்கிட்டப் பேரு ஊரு கேக்க முடியுமா என்றார். அம்புட்டுச் சனமும் ஆமாம் என்றது. நான் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றேன்.

அன்றைக்கு எந்த வீட்டிலும் மீன் இல்லை, ரசம்தான். மீனுக்காகப் பிறந்த ஊருக்கு வந்திருந்த மகள்மார்கள் வெறும் வாளியோடு பஸ் ஏறினார்கள். ஆனால் பெரியப்பா பொழுது சாய ஒரு சட்டியைத் தூக்கிக்கொண்டு என் வாசலுக்கு வந்தார், உள்ளே ஒரு விரால், உயிரோடு. கண்மாய் முழுக்க அலசினதில் மிஞ்சின நாட்டுமீன் அது ஒன்றுதான். சாவு விழுந்த வீட்டுக்கு முதல் மீன் கொடுப்பது நம் ஊர் வழக்கம் இல்லையா. ஊருக்கு ஒரு மீனுன்னாலும் கேத வீட்டுக்குத்தாம்மா என்றார். அவர் என்னை அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சட்டியோடு அவர் பின்னாலேயே சாவடிக்குப் போனேன். ஊரே உட்கார்ந்திருந்தது. அணையில வாங்குனேன்னு பிள்ளைகிட்ட பொய் சொல்லி, ரோட்டுல வாங்கி விட்டது நாந்தான், அவரு இருந்தா இத விட்டிருக்க மாட்டாரு, அவரு பேர இந்த மீனுக்குச் சொல்லாதீங்க, எம்பேரச் சொல்லுங்க என்றேன். பெரியப்பா சட்டியை வாங்கிப் பார்த்துவிட்டு என் கையிலேயே திருப்பிக் கொடுத்து, ஏத்தா, விரால வீட்டுல வையி, கண்மா நெறையவும் நீயே கொண்டாந்து விடு என்றார். பின்னாலிருந்து ஒருத்தன், அப்ப இனி மாயக்கா மீனுன்னு கூப்புடுவோம் என்றான், எல்லோரும் சிரித்தார்கள். இப்போது பிள்ளைகள் அப்படித்தான் சொல்லுகின்றன. தெருவில் போகும்போது காதில் விழுந்தால் தலை தானாகக் குனிந்துகொள்கிறது. ஆனாலும் அப்பா பேர் அதில் இல்லை. தினமும் போய் மற்றவர்களோடு சகதியைக் கிளறி மிச்சம் இருப்பதை எடுத்துப் போடுகிறேன். விரால் தொட்டியில் இருக்கிறது, கன்றுக்குட்டி எட்டிப் பார்த்துவிட்டு ஓடுகிறது.

உன்னிடம் பொய் சொன்னதுக்குக் கோபித்துக்கொள், ஆனால் பேசாமல் இருந்துவிடாதே. அந்த ட்ரவுட்டும் வேறு தேசத்திலிருந்து கொண்டுவந்து விட்டதுதான் என்று நீ ஒரு தடவை சொன்னாய், அது அந்த ஊர் மீனை என்ன பண்ணுகிறது என்று விசாரித்துவிட்டு அடுத்த வாளியை விடு. குளிர்ந்த ஆற்றில் ரொம்ப நேரம் நிற்காதே, உனக்குச் சின்னதிலேயே இழுப்பு உண்டு. ஆடியில் அப்பாவுக்கு வருசம் திரும்புகிறது, லீவுக்கு இப்போதே சொல்லி வை. இந்தத் தாளை அழகுபாண்டி போனில் பிடித்து அனுப்புவான், அவனுக்கும் ஒரு வார்த்தை பேசு. கருப்பசாமி உன்னை எந்தக் குறையும் அண்டாமல் காப்பார், நீ நூறு வயசு இருக்கணும்.

உன் அம்மா,
வி. மாயக்காள்

எழுதி முடிக்கையில் தூறல் போடுகிறது. நடுவில் கொஞ்சம் சகதி தவிர கண்மாய் வெடித்துக் கிடக்கிறது, மழை நின்று பெய்தால் அயிரை தன்னால் வந்துவிடும் என்கிறார்கள் பெரியவர்கள். இதற்கு முன்னால் ஒரு தடவைகூட இப்படி ஒன்றுகூட இல்லாமல் போனதில்லையே, வருமா ராசா?